மூன்று கொம்பு மாடு வந்த ஆடி

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் ஓர் ஆலையில் எனக்குச் செக்கிங் வேலை. துணியை விளக்கு மேசையின்மேல் ஓடவிட்டு, எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேண்டேஜ் துணி என்பதே ஓட்டைகளை நூலால் கட்டி வைத்திருப்பதுதான். ஓட்டைக்குள் ஓட்டை தேடிச் சம்பளம் வாங்குகிறவன் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்த மேசையில் குனிந்திருந்தபோதுதான் வீட்டிலிருந்து போன் வந்தது.

"ஏங்க, ஒங்க மாடு வந்துருச்சு. வாசல்ல கட்டவா, உள்ள கட்டவா?"

என் மனைவிதான். அவள் குரலுக்குப் பின்னால் கூரியர்காரர் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

அவள் சொன்ன மாடு மாடில்லை. மூன்று கொம்பு டைனோசர். கண்களுக்கு மேலே நீளமாக இரண்டு கொம்பு, மூக்கின்மேல் குட்டையாக ஒன்று, கழுத்தைச் சுற்றி விசிறி விரித்தாற்போல ஓர் எலும்புத் தட்டு. ரெசினில் வார்த்து, தோலின் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் கையால் வண்ணம் தீட்டிய சிலை. வெளிநாட்டில் ஒரு சின்னப் பட்டறை சில நூறு மட்டும் செய்துவிட்டு அச்சை உடைத்துவிடும். நான் பதிவு செய்து இரண்டேகால் வருடம் ஆகியிருந்தது. நடுவில் அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல்களைத் தொகுத்தால் நல்ல தொடர்கதை வரும். களிமண் வேலை முடிந்தது. வண்ணம் திருப்தியில்லை, மறுபடி தீட்டுகிறோம். கப்பலில் இடமில்லை. கப்பல் கிடைத்தது, துறைமுகத்தில் நெரிசல். இந்தக் காலத்துக்குள் என் தம்பி மகளுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அது சுவரைப் பிடித்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டது.

"மனுசப்பிள்ளயே பத்து மாசத்துல வந்துருது" என்பாள் மனைவி. "ஒங்க மாடு வயித்துக்குள்ளயே பட்டா வாங்கிக் குடியேறிருச்சா?"

வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்று மேனேஜரிடம் சொல்லி அரை நாள் லீவு எடுத்தேன். அது பொய் என்று நான் நினைக்கவில்லை.

ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு பெட்டி நின்றது. சிமெண்ட் மூட்டையில் பாதிக் கனம். நான் அதைத் திறக்கவில்லை. திறக்க எனக்கு உரிமையும் இல்லை. அதற்குக் காரணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறான்.

அவன் அங்கே ஒரு மெடிக்கல் கடையில் வேலை பார்க்கிறான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தலைவலி மாத்திரை வாங்கப் போனபோது, இருமல் மருந்துகளுக்கு நடுவே, நாணலைக் கவ்விக்கொண்டு நிற்கும் ஒரு கொக்கின் சிலையைக் கண்டேன்.

"இந்தப் பொம்மை எங்க வாங்குனிய?" என்றேன்.

"பொம்மைன்னு சொல்லாதிய அண்ணாச்சி. செல" என்றான்.

ஒரு மணி நேரம் பேசினோம். மாத்திரையையும் மறந்தேன், தலைவலியையும் மறந்தேன். இரண்டு ஊருக்கும் சேர்த்து இந்த நோய் எங்கள் இருவருக்கு மட்டும்தான் என்பது அன்று தெரிந்தது. ஒரே மாதத்தில் அண்ணாச்சி போய் மாப்ள வந்துவிட்டது.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. சிலைக்குச் சொந்தக்காரன் பிளேடைத் தொடக் கூடாது. மற்றவன்தான் வெட்ட வேண்டும். சட்டம் வரக் காரணம் நான்தான். பாறையில் இறங்கும் கழுகு ஒன்று எனக்கு முதன்முதலாக வந்தபோது, ஆசை தாங்காமல் பெட்டியைத் தலைகீழாக வைத்து, வாழைத்தார் அறுப்பதுபோல் கத்தியை இறக்கினேன். கழுகின் இடது சிறகில் இன்றைக்கும் ஒரு நீளக் கோடு இருக்கிறது. அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்க வைத்திருக்கிறேன். அதைப் பார்த்த அன்றுதான் அவன், "ஆசப்பட்டவன் கையில கத்தியக் குடுக்கக் கூடாது மாப்ள" என்று தீர்ப்புச் சொன்னான். அது அவனுக்கும் பொருந்தும். அவன் சிலைகளை நான்தான் வெட்டுகிறேன். அடுத்தவன் பொருள் என்றால் என் கை அப்படியே நிற்கிறது. என்ன கையோ.

சட்டத்தோடு சடங்குகளும் தானாகச் சேர்ந்தன. இருவரும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மோதிரம், கடிகாரம் கழற்ற வேண்டும். வெட்டுகிறவன் புது பிளேடு கொண்டுவருவான். சொந்தக்காரன் போனைப் பிடித்து வீடியோ எடுப்பான். மேல்மூடி திறந்ததும் யாரும் பேசக் கூடாது. வெட்டியவன் குனிந்து, உள்ளே மூக்கை விட்டு, புது வண்ணத்தின் வாடையை இழுத்து, "ம்" என்று சொல்ல வேண்டும். அந்த "ம்" வந்த பிறகுதான் சொந்தக்காரன் மூச்சு விடலாம். சிலை தன் காலில் நிற்கிறவரை காபி கிடையாது. ஒருமுறை என் மனைவி பாதியிலேயே டம்ளரோடு வந்தபோது, கருவறைக்குள் செருப்போடு நுழைந்தவரைப் பார்ப்பதுபோல் அவன் பார்த்தான்.

"எனக்குப் பிரசவம் ஆனப்பக்கூட நீங்க இம்புட்டுச் சுத்தமா நிக்கல" என்று அவள் காபியை அவளே குடித்துவிட்டாள்.

ஆகவே பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு அவனைக் கூப்பிடுவது என்று முடிவு செய்தேன். பக்கத்து வீட்டுக்காரரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். உள்ளே 'கடக்' என்றது.

சின்னச் சத்தம்தான். ஆனால் சிலை சேர்ப்பவனுக்கு அதைவிடப் பெரிய சத்தம் கிடையாது. பஞ்சு மெத்தைபோல் தெர்மோகோலுக்குள் இறுக்கி வைத்த பொருள் ஆடக் கூடாது. ஆடினால் ஏதோ ஒன்று தனியாக வந்துவிட்டது என்று அர்த்தம். உடைந்தது எது? வாலா, காலா, கொம்பா?

உடைந்திருந்தால் பட்டறைக்காரர்கள் மாற்றித் தருவார்கள். அதற்கு ஒரு நிபந்தனை. பெட்டி கைக்கு வந்த ஐந்து நாளுக்குள், ஒட்டிய பெட்டியைத் திறப்பதிலிருந்து கடைசிவரை இடையில் நிறுத்தாமல் எடுத்த வீடியோவை அனுப்ப வேண்டும். ஆறாவது நாள் அனுப்பினால் அது அவர்கள் கவலையல்ல. அச்சையும் உடைத்துவிடுவார்கள். இன்னொரு மாடு உலகத்தில் கிடையாது.

போன் போட்டேன்.

"மாப்ள, வந்துருச்சு."

அந்தப் பக்கம் அவன் யாருக்கோ, "ரெண்டு வேள, சாப்ட்ட பொறவு" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினான். பிறகு மெதுவாக, "எப்ப?" என்றான்.

"இப்பத்தான். உள்ள ஏதோ ஆடுது."

"ஆட்டிப் பாத்தியாக்கும்? ஏலே, இனிமே ஆட்டுன, கைய ஒடிப்பேன்."

"ஆட்டல. கெளம்பி வா."

"எங்கிட்டு வர? காலையிலதான கொடி ஏறிச்சு."

ஆடிப்பூரத் திருவிழாக் கொடி. அவன் வீட்டு ஆண்கள் தலைமுறையாகச் சாமி தூக்குகிறவர்கள். சீர்பாதம் என்று சொல்வார்கள். பல்லக்கானாலும் வாகனமானாலும் தோள் கொடுக்க வேண்டும். கொடி ஏறிவிட்டால் தேர் நிலைக்கு வரும்வரை ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை என்பது அவர்கள் வீட்டுக் கட்டுப்பாடு. தேர் ஒன்பதாம் நாள். என் கெடு ஐந்தாம் நாள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் அன்றைக்குக் கடல்போல் விரிந்தது.

"அங்க தூக்கிட்டு வந்துரவா?" என்றேன்.

"ஆடுதுங்குற. வழியில எத்தன வேகத்தடை? ஒடஞ்சது மத்ததையும் இடிச்சு ஒடைக்கும். அசையாம வையி. யோசிப்போம்."

யோசித்தோம். அவன் சாமி தூக்கிக்கொண்டு யோசித்தான்; நான் ஓட்டை பார்த்துக்கொண்டு யோசித்தேன்.

பெட்டி வீட்டில் ஓர் ஆளாகிவிட்டது. முதல் நாள் அதன்மேல் துணி மடித்து வைக்கக் கூடாது என்று சண்டை போட்டேன். இரண்டாம் நாள் துணி மடித்து வைத்திருந்தாள். வந்த விருந்தாளி ஒருவர் அதில் சாய்ந்து உட்கார்ந்து அரசியல் பேசினார். அவர் கையை வீசிப் பேசும் ஒவ்வொரு முறையும் எனக்கு உள்ளே ஒரு கொம்பு போனது. யாரும் இல்லாதபோது பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். அவனுடைய கடையில் டாக்டர்கள் பயன்படுத்தும் ஸ்டெதஸ்கோப் இருக்குமே என்றுகூட யோசனை வந்தது.

"என்ன, நாடி பேசுதா?" என்றாள் மனைவி, அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து.

"சத்தமே இல்ல."

"பின்ன? அது செத்து எத்தனயோ கோடி வருசமாச்சுன்னு நீங்கதான சொன்னிய."

நான்காம் நாள் மாலை அவளே வந்து பெட்டியின் எதிரே உட்கார்ந்தாள். கேலியை ஓரமாக வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"நாளையோட முடியுது. ஒடஞ்சிருந்தா பொறவு ஆயுசுக்கும் அதப் பாத்துப் பாத்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்பிய. நான் வெட்டுதேன். நீங்க வீடியோ எடுங்க. சட்டப்படி சொந்தக்காரர் வெட்டக் கூடாது, அம்புட்டுத்தான?"

சட்டத்தில் இந்த ஓட்டையை நான் கண்டுபிடிக்கவில்லை. தொழிலே அதுவாக இருந்தும்.

அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டலாம் என்று போன் போட்டேன். அப்போதுதான் ஏதோ வாகனத்தை இறக்கி வைத்திருப்பான் போல. மேளச் சத்தம் கேட்டது, அவனுக்கு மூச்சு வாங்கியது. விஷயத்தைச் சொன்னேன்.

"வெட்டச் சொல்லு மாப்ள" என்றான். "பரவால்ல."

போனை வைத்தேன். பன்னிரண்டு வருடத்தில் ஒரு சிலை விஷயத்தில் அவன் வாயிலிருந்து பரவால்ல என்ற சொல் வந்ததே இல்லை. ஒரு மீன் சிலையின் செதிலில் கடுகளவு வண்ணம் போனதற்கு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவன். இந்த மாட்டை முதலில் படத்தில் பார்த்து எனக்கு அனுப்பியவனும் அவன்தான். இரண்டேகால் வருடமாக வந்த ஒவ்வொரு மின்னஞ்சலையும் அவனிடம் படித்துக் காட்டியிருக்கிறேன். கப்பல் கிளம்பியதற்கு அவன் கடையில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தான். அவன் இல்லாமல் திறந்தால் மாடு முழுசாக இருந்தாலும் எனக்குப் பாதி மாடுதான்.

"வேண்டாம்" என்றேன் மனைவியிடம். "நாளைக்கு அங்க கொண்டு போறேன்."

"வழியில ஒடஞ்சா?"

"ஒடஞ்சா ரெண்டு பேருமாப் பாத்து அழுதுக்கிடுவோம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் வீட்டிலிருந்த தலையணைகள் எல்லாவற்றையும் எடுத்துவந்து பெட்டியைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தாள்.

மறுநாள் மதியம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் சுந்தரபாண்டியத்துக்குத் தேங்காய் லோடு ஏற்றப் போகும் ஒரு லோடு ஆட்டோ கிடைத்தது. எங்கள் ஊர்த் தெலுங்குக்காரர் ஓட்டுகிறார். பின்னால் பெட்டியை ஏற்றி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். வேகத்தடை வரும்போதெல்லாம் டிரைவர் கேபினை முதுகால் தட்டி, "மெதுவா, மெதுவா" என்றேன்.

"தேவுடா! முட்டை ஏத்துனப்பக்கூட நான் இப்படி ஓட்டல சார்" என்றார். "உள்ள என்ன?"

"செல."

அவர் உடனே காலிலிருந்த செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டார். திருவிழாக் காலத்தில் அந்தச் சாலையில் சிலை போனால் வேறு என்னவாக இருக்கும்? நான் திருத்தவில்லை. அதற்குப் பிறகு வண்டி பூப்போல ஓடியது. ஒரு திருப்பத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்த பெண்கள் தலையணை கட்டிய பெட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டபோது மட்டும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பதிலுக்கு நானும் கும்பிட்டு வைத்தேன்.

அன்று ஐந்து கருட சேவை; ஐந்து பெருமாள்களும் கருடன்மேல் வரும் நாள். ஊருக்குள் லோடு வண்டி விடமாட்டார்கள் என்று, நான் கொண்டுவருவதை முந்தின ராத்திரி போனில் சொன்னபோதே அவன் எச்சரித்திருந்தான். "ஊர் போர்டுகிட்ட டீக்கடை இருக்கு. அது வரைக்கும் நான் வரலாம். அங்கன நிப்பேன்."

நின்றான். நெற்றியில் நாமம், இடுப்பில் ஈர வேட்டி, கையில் சோப்பு டப்பா. ஊர்ப் பெயர்ப் பலகையின் கம்பத்துக்கு இந்தப் பக்கம் ஒரு விரல்கூட நீட்டாமல் நின்றான். எங்கள் வண்டி பத்தடி முன்னாலேயே நின்றுவிட்டது. அவன் அங்கிருந்தே கையை ஆட்டினான், நான் இங்கிருந்தே கத்தினேன்.

"இந்தாளு என்ன, கோடு போட்டாப்புல நிக்காரு?" என்று டிரைவர் வியந்து, வண்டியை இன்னும் பத்தடி உருட்டினார். இறக்கி வைத்துவிட்டு, பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தேங்காய்க்குப் போய்விட்டார்.

டீக்கடைக்கு முன்னால் தகரக் கொட்டகை, அதனடியில் நீள பெஞ்சு. அவன் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் நின்றான்.

"எம்புட்டு நேரம் இருக்கு ஒனக்கு?" என்றேன்.

"அஞ்சு மணிக்குக் கோயில்ல நிக்கணும். செத்த நேரம்தான். கையக் கழுவு."

டீக்கடைக் குடத்திலிருந்து மொண்டு இருவரும் முழங்கைவரை கழுவினோம். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகாராஜபுரத்துப் பெரியவர் ஒருவர், சேவை பார்க்க வந்தவர், மாடு வளர்க்கிறவர், "என்ன தம்பி, ஆபரேசனா?" என்றார்.

"மாடு திறக்கப் போறோம்" என்றேன், வாய் பழகிய தோஷத்தில்.

"மாடா? எத்தன பல்லு?"

நான் போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டேன். அவன் புது பிளேடைப் பிரித்தான். பெட்டியின் கூட்டு வாயில், நாடாவின்மேல் மட்டும், மீசை மழிப்பதுபோல் இழுத்தான். மூடி திறந்தது. குனிந்து மூக்கை விட்டான். டீக்கடையே மூச்சைப் பிடித்தது.

"ம்" என்றான்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தெர்மோகோலைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. மேல்மூடித் தெர்மோகோலை அவன் தூக்கிய அதே நொடி, மலைப்பக்கமிருந்து வந்த காற்று அதைப் பிடுங்கிச் சாலைக்கு அப்பால் கொண்டுபோனது. துகள்கள் வெள்ளைப் பூச்சிகளாகப் பறந்து டீ கிளாசுகளில் இறங்கின. "ஏலே, என் பாலு!" என்று மாஸ்டர் கத்தினார். அவன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே, மடிப்பில் தனியாகக் கிடந்தது ஒரு கொம்பு. நீளக் கொம்பு. பாதியில் முறிந்து, முனை சிம்பு சிம்பாக.

அவன் அதை இரண்டு கையாலும் எடுத்தான். முகம் சாம்பல் பூத்துவிட்டது. "நான் அன்னைக்கே வந்திருந்தா..." என்றான். அன்றைக்கே வந்திருந்தாலும் கப்பலில் உடைந்தது உடைந்ததுதான். ஆனால் துக்கத்துக்கு நாள் கணக்குத் தெரியுமா?

"விடு மாப்ள" என்றேன். போனை மட்டும் கீழே இறக்கவில்லை.

"கொம்பு ஒடஞ்சா சந்தையில பாதிக்குத்தான் கேப்பான்" என்று பெரியவர் ஆறுதல் சொன்னார்.

அடுத்த அடுக்கைப் பிரித்தான். முதலில் உடம்பு வந்தது: முதுகு, வால், மண்ணில் அழுந்திய நாலு கால். எல்லாம் முழுசு. பிறகு தலை. துணி உறையை மெல்ல உருவினான். மூக்கின்மேல் ஒரு கொம்பு. இடது கண்ணுக்கு மேல் ஒன்று. வலது கண்ணுக்கு மேல் ஒன்று. மூன்றும் ஊசிபோல் நின்றன.

அவன் விரலால் தொட்டு எண்ணினான். "ஒண்ணு, ரெண்டு, மூணு." கையிலிருந்ததைப் பார்த்தான். "அப்ப இது?"

"நாலு கொம்பு மாடா!" என்றார் பெரியவர் எழுந்து நின்று.

பெட்டியின் அடியில் ஒரு தாள் இருந்தது. அவன் படித்தான், எங்களுக்காகத் தமிழில் சொன்னான். "வலது கொம்பு கழட்டி மாட்டக்கூடியது. மாற்றுக் கொம்பு ஒண்ணு, சண்டையில ஒடஞ்ச மாதிரி செஞ்சது. விரும்பிக் கேட்டவங்களுக்கு மட்டும்." தாளை மடித்தான். "விரும்பிக் கேட்டவன் யாருல?"

"நான் கேக்கலயே" என்றேன்.

"வீடியோவ நிறுத்திட்டு மெயிலப் பாரு."

பார்த்தேன். இரண்டேகால் வருடத்துக்கு முன்னால் நான் போட்ட ஆர்டர். கடைசி வரியில், உடைந்த கொம்பும் வேண்டும் என்று நானே கட்டத்தில் டிக் அடித்து, அதற்குத் தனியாகப் பணமும் கட்டியிருந்தேன். ஐந்து நாளாக எது உடைந்திருக்கக் கூடாது என்று சாமியெல்லாம் வேண்டினேனோ, அதை உடைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று கேட்டவனே நான்தான். காத்திருந்த காத்திருப்பில் கேட்டது மறந்துவிட்டது.

அவன் பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். சத்தமாகச் சிரிக்கிற ஆளில்லை. அன்று நாமம் கோணுகிற அளவுக்குச் சிரித்தான். பெரியவருக்கு விஷயத்தை விளக்கினோம்.

"மாட்டுக்குக் கொம்பு சீவுறவனப் பாத்திருக்கேன்" என்றார். "காசு குடுத்து ஒடச்சு வாங்குனவன இன்னைக்குத்தான் பாக்கேன்."

சிலையை அந்த பெஞ்சிலேயே பூட்டி நிறுத்தினோம். காற்றுக்கு அசையாமல், கொம்பைத் தாழ்த்திக்கொண்டு, ராஜபாளையத்தை நோக்கி முறைத்தபடி நின்றது. சடங்குப்படி டீ வந்தது. தெர்மோகோல் மிதந்தாலும் குடித்தோம். பெரியவர் குனிந்து அதன் திறந்த வாய்க்குள் பார்த்தார். பற்களை எண்ணிவிட்டு, "கெழடு" என்றார்.

இப்போது வேறு சிக்கல். வண்டி போய்விட்டது, தெர்மோகோலில் பாதி கரும்புக் காட்டில் கிடக்கிறது, அதைத் திரும்ப ராஜபாளையம் கொண்டுபோக வழியில்லை. தேர் முடியும்வரை அவன் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவானது. தலையணைகளைக் காலிப் பெட்டிக்குள் அடைத்து டீக்கடையில் ஒப்படைத்துவிட்டு, சிலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஊருக்குள் நடந்தோம்.

"காலத் தேய்ச்சு நட. தூக்கி வைக்காத" என்றான். சாமி தூக்கும் நடை அது. எனக்கு வரவில்லை. "தோள்ல ஏத்திராத மாப்ள, இது பெருமாள் இல்ல."

கூட்டம் வழிவிட்டது. ஒருவர், "இது எந்த வாகனம்?" என்று கேட்டார். அவன் பதில் சொல்லாமல் வேகமாக நடந்தான்.

வீட்டு வாசலில் அவன் அம்மா நின்றார். வீடு முழுக்கத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள். அம்மா சிலையை முன்னும் பின்னும் பார்த்தார்.

"இது என்னத்தத் திங்கும்?" என்றார் என்னிடம்.

"எல தழதான் அம்மா."

"அப்பச் சரி. உள்ள வரட்டும்." பிறகு மகனின் மடியிலிருந்த உடைந்த கொம்பைப் பார்த்துவிட்டார். "அது என்ன? ஒடஞ்சதா? பின்னமானத வீட்டுக்குள்ள வைக்கக் கூடாது. வெளிய வையி."

நான் தனியாகப் பணம் கட்டி வாங்கிய கொம்பு, மாட்டுத் தொழுவத்து மாடத்தில் போய் உட்கார்ந்தது. அவன் குளித்துக் கோயிலுக்கு ஓடினான். எனக்கு மறுநாள் வேலை. அம்மா தந்த புளியோதரைப் பொட்டலத்தோடு கிளம்பி, கூட்டத்தைப் பிளந்து பஸ் ஏறி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். மாடும் இல்லை, தலையணையும் இல்லை.

மனைவி நடந்ததைக் கேட்டு, அவளும் ஒருமுறை சிரித்து முடித்தாள். "அந்த வீடியோவப் போடுங்க. ஒங்க மாட்ட நானும் பாக்கணும்ல?" என்றாள். பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு இருவரும் போனைச் சுவரில் சாய்த்துப் பார்த்தோம்.

இடையில் நிறுத்தாமல், வெட்டாமல், விதிப்படி எடுத்த வீடியோ. அதில் மாட்டைத் தவிர எல்லாம் இருந்தது. பிளேடு பெட்டியில் இறங்குகிறது. படத்தில் இருப்பது அவன் நெற்றி. மூடி திறக்கிறது, படத்தில் அவன் மூக்கு. கொம்பு கையில் வருகிறது. ஓரத்தில் ஏதோ பழுப்பாகத் தெரிகிறது, நடுவில் முழுக்க அவன் முகம், அது சாம்பலாவது. பிறகு கீழே பார்த்து எண்ணும் அவன் உதடுகள். ஒண்ணு, ரெண்டு, மூணு. என் கைகள் அத்தனை நேரமும் போனைச் சிலையின் பக்கம் திருப்பவே இல்லை. கொம்பு நிஜமாகவே உடைந்திருந்தால், இதை வைத்து ஒரு நூல்கூட மாற்றி வாங்கியிருக்க முடியாது.

மனைவி கடைசிவரை பார்த்தாள். புளியோதரையில் கிடந்த வேர்க்கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"நல்ல வேள, இத அனுப்பல" என்றாள். "அனுப்பியிருந்தா, செலய விட்டுட்டு, இந்தப் பழைய ஆள எடுத்துக்கிட்டுப் புது ஆள அனுப்பி வச்சிருப்பாங்க."

இன்னொரு முறை போடுங்கள் என்றாள். போட்டேன்.